படத்தில் இல்லாத முருகன்

2007 நவம்பர் 14, புதன்கிழமை. காலை 5.30க்கு எழுந்தேன். மழைமானியில் 11 மில்லிமீட்டர். குறித்துக்கொண்டேன். 6.15க்குக் காபி. 7.20க்கு அட்டுவம்பட்டி வீட்டைப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். என் மனைவி வசந்தா மூன்றாவது முறை இழுத்துப் பார்த்தாள் – என்னைக் கேலி செய்வதற்காக.

அன்றைக்கு ஒரே வேலைதான். மலையடிவாரத்துப் பாலசமுத்திரம் பட்டறையில் திங்கட்கிழமை விட்டு வந்த ஜீப்பை எடுத்து வர வேண்டும். பஸ்ஸில் மலையிறங்கினோம். வசந்தா பழனியிலேயே இறங்கி, கோயில் மலைக்குப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டுப் பட்டறைக்கு வருவதாக ஏற்பாடு.

ஜீப்பைப் பட்டறையில் விட்டது ஏன்? சொல்கிறேன்.

வில்பட்டிப் பக்கம் காய்கறித் தோட்டங்களுக்கு நோய் பார்க்கப் போவது என் தொழில். போன வருஷம் மைத்துனர் பெங்களூரிலிருந்து தாம் பயன்படுத்திய டேப்லெட் பி.சி. ஒன்றைக் கொடுத்தார். சிலேட்டு மாதிரி இருக்கும். பேனாவால் திரையிலேயே எழுதலாம். எந்தத் தோட்டத்தில் எந்தப் பாத்தியில் என்ன நோய் – எல்லாம் அதில்தான். பக்கத்து சீட்டில் வைத்து ஓட்டினேன். கொண்டை ஊசி வளைவில் இரண்டு முறை கீழே விழுந்தது. மூன்றாவது முறை விழுந்தால் ஒரு வருஷக் குறிப்பும் காலி.

டேஷ்போர்டிலேயே பதித்து ஒரு ஸ்டாண்டு செய்துவிட முடிவு செய்தேன். நான்கு நாள் உட்கார்ந்து படம் வரைந்தேன். மேலிருந்து ஒன்று, முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. ஒவ்வொரு ஆணிக்கும் இடைவெளி மில்லிமீட்டரில்.

கீழே சிவப்பு மையில் ஒரு குறிப்பு: "படத்தில் இல்லாதது எதுவும் டேஷ்போர்டில் இருக்கக் கூடாது."

ஏன் அந்தக் குறிப்பு? பட்ட அனுபவம், சார்! நம் பட்டறைகளில் ஒரு வியாதி இருக்கிறது – கேட்காததைச் செய்து கொடுப்பது. வைப்பர் ரிப்பேருக்கு விட்டால் பின்கண்ணாடியில் மயில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பிரேக் பார்க்கச் சொன்னால் ரிவர்ஸ் எடுக்கும்போது வண்டி பாட்டுப் பாடும். கேட்டால், "சும்மா நல்லாருக்கட்டுமேன்னு போட்டேன் சார்." யாருக்கு நல்லா இருக்க? வண்டி யாருடையது? ஒரு மனிதன் கேட்டதை மட்டும் செய்து தருவதில் இவர்களுக்கு என்ன கஷ்டம்?

பட்டறைக்காரர் சின்னராசு வாசலிலேயே நின்றிருந்தார்.

"வாங்க சார், வெள்ளனே வந்துட்டீங்க. சோலி முடிஞ்சு கெடக்கு. வந்து பாருங்க."

பார்த்தேன். ஸ்கேலை எடுத்து அளந்தும் பார்த்தேன். அச்சு அசல் என் படம்! இரும்புத் தகடு, ஓரத்தில் ரப்பர், பூட்டிக்கொள்ளும் கொக்கி. டேப்லெட்டை வைத்து ஆட்டினேன். அசையவில்லை. மயில் இல்லை. பாட்டு இல்லை. மனம் குளிர்ந்துபோனது.

ஒரு மணிக்கு வசந்தா பிரசாதத்தோடு வந்தாள். ஏறி உட்கார்ந்தவள் டேஷ்போர்டைப் பார்த்தாள்.

"முருகன் எங்கங்க?"

அப்போதுதான் கவனித்தேன். நடுவில் ஒட்டியிருந்த சின்ன முருகனைக் காணோம்.

"சாமி பத்திரமா இருக்காரும்மா. சீட்டுக்கு அடியில பையில வச்சிருக்கேன்" என்றார் சின்னராசு.

"பழனிக்கே வந்து முருகனைத் தூக்கி சீட்டுக்கு அடியில போட்டீங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் சிரித்தேன். வீட்டுக்குப் போய் ஒட்டிக்கொள்ளலாம் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

1.30க்குக் கிளம்பினோம். சவரிக்காடு தாண்டும் வரை ஒரு குறையும் இல்லை. அதற்கு மேல் மழை; மழைக்குப் பின்னாலேயே மூடுபனி. மலையில் இருப்பவர்களுக்கு இது தினசரி. கண்ணாடி உள்பக்கம் ஆவி படியும். ஹீட்டரைப் போட்டால் கண்ணாடிக்குக் கீழே உள்ள இரண்டு பிளவுகள் வழியாகச் சூடான காற்று வந்து ஆவியை விரட்டிவிடும்.

ஹீட்டரைப் போட்டேன். காற்று வரவில்லை.

மறுபடி போட்டேன். இஞ்சின் பக்கம் எங்கேயோ உஸ் என்று சத்தம் மட்டும். கண்ணாடி பால் ஊற்றியதுபோல் வெளுத்தது. வசந்தா புடவைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்த இடம் பத்து எண்ணுவதற்குள் மூடிக்கொண்டது. இடது பக்கம் பள்ளத்தாக்கு. வலது பக்கம் எதிரே வரும் வண்டி. இரண்டும் தெரியவில்லை.

தெரிந்தது ஒன்றுதான் – டேப்லெட். பளிச்சென்று, துல்லியமாக, முட்டைக்கோஸ் நோய்ப் பட்டியலோடு!

திடீரென்று ஹாரன். வெண்மைக்குள்ளிருந்து ஒரு பஸ்ஸின் முகம். வசந்தா "முருகா!" என்று ஸ்டாண்டை இறுக்கிப் பிடித்தாள். வண்டியை ஓரத்துக் கல்லில் உரசி நிறுத்தினேன். பஸ் ஒரு முழ இடைவெளியில் போனது. வண்டி குலுங்கியது, நாங்கள் குலுங்கினோம். ஸ்டாண்டு மட்டும் இம்மியும் அசையவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைப் பிடுங்கி எறியலாம் என்று இருந்தது.

வசந்தா ஸ்டாண்டிலிருந்து கையை எடுத்தாள். "மொதல்ல அந்தப் பையை எடுங்க" என்றாள். எடுத்தேன். மஞ்சள் துணியில் சுற்றிய முருகன். அவருக்கு அடியில், நியூஸ் பேப்பரில் அழகாக மடித்துக் கட்டிய கருப்பு ரப்பர் ஹோஸ்.

ஹீட்டரிலிருந்து கண்ணாடிக்குச் சூடு கொண்டுவரும் ஹோஸ்! அது நுழைய வேண்டிய ஓட்டையின் மேல் இரும்புத் தகடு, எட்டு ஆணியோடு. வழியில் என்ன செய்ய முடியும்? பக்கத்துக் கதவுகளின் ஜன்னல் இரண்டையும் திறந்ததும் ஆவி கொஞ்சம் குறைந்தது. மழை முழுக்க உள்ளே வந்தது. டேப்லெட் நனையாமல் இருக்க வசந்தா தன் சால்வையைக் கழற்றி அதன் மேல் போர்த்தினாள். முருகனை மடியில் வைத்துக்கொண்டாள். பெருமாள்மலை வரை ஆள் நடக்கும் வேகம்.

5.35க்கு வீடு. தலையைக்கூடத் துவட்டாமல் போனை எடுத்தேன்.

"சின்னராசு! யாரைக் கேட்டு அந்த ஹோஸைக் கழட்டினீங்க? ரெண்டு உயிர் போயிருக்கும், தெரியுமா?"

"ஐயோ, என்ன சார் சொல்றீங்க? அந்தக் கருப்பு ஹோஸா? எங்கூரு வெயிலுக்குச் சூட்டுக் காத்து எதுக்குன்னு நெனச்சேன் சார். அதோட… படத்துலயும் அது இல்ல."

"இல்லேன்னா எடுத்துடறதா?"

"நீங்கதானே சார் செவப்புல எழுதிருந்தீங்க? எம்பொஞ்சாதிய வாசிக்கச் சொல்லி ரெண்டு வாட்டி கேட்டேன். 'படத்துல இல்லாதது இருக்கக் கூடாது'ன்னா. ஹோஸு போகட்டும் சார்… சாமியக் கழட்டத்தான் கை வரல. கன்னத்துல போட்டுக்கிட்டுக் கழட்டினேன்."



வருஷக்கணக்காக நான் கேட்டுக்கொண்டிருந்த பட்டறைக்காரர் இவர்தான். சொன்னதை மட்டும் செய்பவர். மேலே, முன்னால், பக்கவாட்டில் என்று மூன்று கோணத்தில் அளந்த நான், டேஷ்போர்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு முறை குனிந்து பார்க்கவில்லை. கோபம் அப்போதும் தணியவில்லை. ஆனால் அதைக் காட்ட வேண்டிய ஆள் போனின் அந்தப் பக்கம் இல்லை.

"உங்க மேல தப்பில்ல, சின்னராசு. நாளைக்குப் புதுப் படம் அனுப்பறேன்" என்றேன்.

"மெதுவா அனுப்புங்க சார். அம்மா நல்லாருக்காங்கள்ல?"

அம்மா ஈரத் தலையோடு அடுப்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை 5.30க்கு எழுந்தேன். மழைமானியைப் பார்க்கவில்லை. முதல் வேலையாகப் படத்தை விரித்து, சிவப்புக் குறிப்பை அடித்தேன். நான்காவதாக, பின்னாலிருந்து ஒரு படம் போட்டு ஹோஸை வரைந்தேன். காபியோடு வந்த வசந்தா எட்டிப் பார்த்தாள்.

"முருகனையும் வரைங்க."

வரைந்தேன். உயரம் 72 மில்லிமீட்டர், வேலோடு.