தூக்கம் வந்த வகுப்பு

சலவை ஆலையில் அவளுக்கு ஆவி என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இஸ்திரிப் பிரிவுப் பெண்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர் அது. நாள் முழுக்க கொதிநீர் ஆவிக்கு நடுவே நிற்கிறாள் என்பது ஒரு காரணம். முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பாள், நிற்பதே தெரியாது என்பது இன்னொன்று. பெயர் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு மேல் எதுவும் நினைக்கவில்லை.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளையும் துண்டுகளையும் துவைத்து, உலர்த்தி, மடித்து அனுப்பும் ஆலை. அங்கே அவள் மேற்பார்வையாளர். ஓட்டல் துணியோடு ஆஸ்பத்திரித் துணி கலந்துவிடக் கூடாது, ரத்தக் கறை பட்டதை முதலில் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும், சொன்ன நேரத்துக்கு வண்டி கிளம்ப வேண்டும். இவற்றைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. தற்காலிகமாக என்று சேர்ந்தவள். ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

சேரும்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. ரயிலில் ஒரு ராத்திரிப் பயணத் தொலைவில், பெயர் பெற்ற ஒரு கல்லூரியில் எம்பிஏ படிக்க இடம் கிடைத்திருந்தது. பெட்டி வாங்கியாயிற்று. துணிமணிகூட அடுக்கியாயிற்று. கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது அம்மா குளியலறையில் விழுந்தாள். பக்கவாதம், வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. அப்பா அதற்கு முன்பே காலமாகியிருந்தார். அக்கா கல்யாணமாகித் தொலைதூரத்தில் இருந்தாள், அதுவும் தலைப்பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டு. வேறு யார் இருக்கிறார்கள்? கல்லூரிக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்த வேலையில் சேர்ந்தாள். பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாளை வைத்தாள். இரவில் அவளே எழுந்து எழுந்து அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்தாள். இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். கடைசி வரைக்கும் ஒரு புண்கூட வரவில்லை.

அம்மா ஒரு விடியற்காலையில் தூக்கத்திலேயே போனாள். துக்கத்துக்கு வந்தவர்கள் சின்னவள் உடைந்துபோவாள் என்று எதிர்பார்த்து, பிடித்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். அவள் சமையலறையில் நின்று டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். விமானம் பிடித்து வந்து சேர்ந்த அக்காதான் இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதாள். “சரியான அழுத்தக்காரி” என்று யாரோ ஒரு சித்தி முறைக்காரி சொன்னது சமையலறை வரைக்கும் கேட்டது.

அதன்பிறகு அவளுக்கு எதுவும் சரியாக உறைக்கவில்லை. சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள், வந்தாள். இரவில் மட்டும் உடம்பு பழைய கணக்கு மறக்காமல் எழுப்பிவிட்டது. எழுந்து காலியான கட்டில் வரைக்கும் போய்விட்டுத் திரும்புவாள்.

சில மாதம் கழித்து அக்கா தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள்.

“இனிமேலாவது உன்னப் பாருடி. அன்னைக்கு விட்ட எம்பிஏவை இப்பப் படி.”

“சரி.”

அக்கா பெரிய வாக்குவாதத்துக்குத் தயாராக இருந்தாள். சரி என்றதும் அடுத்த கேள்விக்குத் தாவினாள்.

“எங்க படிக்கப்போற?”

“நீயே சொல்லு.”

அவ்வளவுதான், ஆளாளுக்குக் களத்தில் இறங்கினார்கள். அக்கா தன் ஊர்க் கல்லூரியில்தான் சேர வேண்டும், தன் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மாடி அறையை ஒழித்து, திரைச்சீலைக்கு என்ன நிறம் என்பது வரைக்கும் போய்விட்டாள். அத்தான், மாப்பிள்ளை பார்ப்பது போல ஒவ்வொரு கல்லூரியாக விசாரித்தார். எது பெரிய இடம், எது வெளியே பந்தா உள்ளே காலி என்று அலசி, “பழைய காலேஜ்தான் பெஸ்ட். அவங்க ஒருதடவை ஓகே சொன்னவங்க, மறுபடியும் சொல்லுவாங்க” என்றார். ஆலை முதலாளிக்கு வேறு கவலை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கல்லூரியில் வார இறுதியில் மட்டும் எம்பிஏ நடத்துகிறார்களாம். “படிப்பையும் பாரு, ஆலையையும் பாரு. நீ போயிட்டா துணியெல்லாம் யாரைக் கேட்டு வெளுக்கும்?” என்றார்.

மூன்றுக்கும் விண்ணப்பித்தாள். மறுத்துப் பேசுவதைவிட அது சுலபமாக இருந்தது.

முதலில் பழைய கல்லூரி. நேர்முகத்தில் எதிரே மூன்று பேர். நடுவில் உட்கார்ந்திருந்த பெண்மணி பழைய விவரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“ஒன்பது வருஷம் முன்னாடி இடம் கிடைச்சும் நீங்க வரலையே, ஏன்?”

“அம்மாவுக்கு உடம்பு முடியாம போச்சு.”

“இப்ப எப்படி இருக்காங்க?”

“இறந்துட்டாங்க.”

வண்டி வரத் தாமதமாகும் என்று ஓட்டல்காரருக்குச் சொல்கிற குரலில்தான் அதைச் சொன்னாள். பிறகு அந்தப் பெண்மணி, “இப்ப ஏன் வர நினைக்கிறீங்க?” என்றார்.

யோசித்துப் பார்த்தாள். “அப்ப இங்க வரணும்னு அவ்வளவு ஆசை இருந்துச்சு மேடம். அது எங்க போச்சுன்னு தெரியல. இங்க வந்தா தெரியுமோன்னு வந்தேன்.”

ஏதோ ஆழமான பதில் என்று எடுத்துக்கொண்டார்கள் போலும். இடம் உண்டு என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். ஒரு மாணவி விடுதியைக் காட்டக் கூட்டிப்போனாள். பூப்பந்து மைதானத்தைப் பார்த்த ஜன்னல், வெள்ளையடித்த சுவர், மரக்கட்டில். இருபத்து நான்கு வயதில் மனசுக்குள் எத்தனையோ முறை படுத்துப் புரண்ட அறை. வாசலில் நின்று, நெஞ்சுக்குள் ஏதாவது கிளம்புகிறதா என்று காத்திருந்தாள். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் யாருடைய கன்னமோ மாதிரி இருக்குமே, அப்படித்தான் இருந்தது. “ரூம் நல்லா இருக்கு” என்று சொல்லி, அந்தப் பெண்ணுக்கு நன்றியும் சொல்லிவிட்டு ரயிலேறினாள்.

அக்கா ஊர்க் கல்லூரி கணினித் திரையிலேயே பேசி எடுத்துக்கொண்டது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மாடி அறைக்கு மஞ்சள் திரை போட்டு முடித்துவிட்டாள்.

மூன்றாவது, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே இரண்டு மாடிக் கல்லூரி. சேர நினைப்பவர்கள் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று அழைத்திருந்தார்கள். சனிக்கிழமை மதியம். போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு பல் மருத்துவர் அம்மா. சொந்த மருத்துவமனையைக் கவனிக்கத் தெரியாமல் படிக்க வந்தவர். பேராசிரியர் பருத்த மனிதர், ஜலதோஷம் வேறு. கிடங்கில் சரக்கு எவ்வளவு வைத்துக்கொள்ள வேண்டும் என்று மூக்கை உறிஞ்சி உறிஞ்சி விளக்கினார். மின்விசிறி சுற்றியது. கீழே பேருந்துகள் முனகின. எந்த இடத்தில் பாடம் விட்டுப்போனது என்று அவளுக்குத் தெரியாது. கண் விழித்தபோது எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் கன்னத்துக்கு அடியில் மடித்த சால்வை ஒன்று இருந்தது.

“குறட்டையெல்லாம் விடல. பயப்படாதீங்க” என்று பல் மருத்துவர் தன் சால்வையை எடுத்துக்கொண்டார்.

பதறிப்போய்ப் பேராசிரியரிடம் போனாள். “மன்னிச்சிடுங்க சார்.”

“எனக்கு இது புதுசாம்மா? வீட்லயும் இதே மரியாதைதான்” என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

படியிறங்கும்போதுதான் உறைத்தது. இடையில் ஒருமுறைகூட எழவில்லை. அம்மா விழுந்த நாளிலிருந்து அப்படி ஒரு தூக்கம் அவள் தூங்கியதில்லை.

அம்மாவின் அறையை ஒழுங்குபடுத்த அக்கா வந்திருந்தபோதுதான் முடிவைச் சொன்னாள். கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, நான் இங்க பஸ் ஸ்டாண்ட் காலேஜ்லயே சேர்றேன்.”

அக்கா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள். “விளையாடறியா? அதுக்குப் பேரும் கிடையாது ஊரும் கிடையாது. ரெண்டு நல்ல இடத்துல கூப்பிட்டிருக்காங்க. ஏன்டி?”

“அங்க எனக்குத் தூக்கம் வந்துச்சு.”

“தூங்குறதுக்கா காலேஜ் போவாங்க?”

“எனக்கு வேற காரணம் தெரியலக்கா. மத்த இடத்துல அதுகூட வரல.”

அக்கா பொரிந்து தள்ளினாள். அத்தான் அலைந்த அலைச்சல், மாடி அறை, வாழ்க்கையில் இரண்டாவது தடவை கதவைத் தட்டுகிற வாய்ப்பு என்று சொல்லிக்கொண்டே போனவளுக்கு நடுவில் குரல் உடைந்தது.

“எல்லாத்தையும் உன் தலையில கட்டிட்டுப் போனவடி நான். எனக்கு ஏதாவது செய்யணும். செய்ய விடமாட்டேங்குறியே.”

சலவை எந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் துணி சுழல்வதைப் பார்ப்பது போல அவள் அக்கா அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது ஏதாவது செய்ய வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. துண்டை எடுத்து நீட்டினாள்.

“அழாதக்கா.”

“நீ அழுடி.”

“வரமாட்டேங்குதுக்கா.”

அக்கா அவளைக் கட்டிக்கொண்டாள். அக்காவின் தோளில் தாடையை வைத்தபடி அவள் பொறுமையாக நின்றாள். பிறகு இருவரும் கட்டிலின் மிச்சக் கால்களைக் கழற்றினார்கள். ஊருக்குக் கிளம்பும்போது அக்கா, “எங்கயோ படி. படிச்சா சரி” என்றாள்.

சேர்ந்தாள். வார நாளில் ஆலை, வார இறுதியில் கண்ணாடிக் கடை மாடி. முதல் தேர்வுகளில் மதிப்பெண் சுமார்தான். அதைப் பற்றியும் ஒன்றும் தோன்றவில்லை.

இரண்டாம் பருவத்தில் ஒரு குழுக் கட்டுரை. அவள், பல் மருத்துவர், செல்பேசிக் கடை மேலாளர் ஒருவர். மேலாளர் எந்தக் கூட்டத்துக்கும் எட்டிப் பார்க்கவில்லை. பெண்கள் இருவரும்தான் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதினார்கள். கட்டுரையை வகுப்பில் வாசித்துக் காட்டும் நாளன்று அவர் மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து, முன்னால் போய் நின்று, “நான் பார்த்தது என்னன்னா, நான் கண்டுபிடிச்சது என்னன்னா” என்று ஆரம்பித்தார்.

அவள் எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

“ஒரு நிமிஷம். நீங்க எதையும் பாக்கல. எழுதினது நாங்க ரெண்டு பேரு. நீங்க ஒரு நாளாவது வந்தீங்களா?”

குரல் நடுங்கியது. காது மடல் இரண்டும் சுட்டன. மேலாளர் ஏதோ சமாளிக்கப் பார்த்தார். அவள் விடவில்லை, இத்தனை மாதம் பேசாததற்கும் சேர்த்துப் பேசினாள். பல் மருத்துவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். பேராசிரியர்தான் கடைசியில், “சரிம்மா, நீங்களே வந்து படிங்க” என்று மேலாளரை உட்காரவைத்தார்.

வகுப்பு முடிந்ததும் பேருந்து நிலையத்தின் சத்தத்துக்கு நடுவே நின்று அக்காவைக் கூப்பிட்டாள். வழக்கமாக அக்காதான் கூப்பிடுவாள். இவள் உம் கொட்டுவாள். அன்றைக்கு மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தாள். அந்த ஆளின் சட்டையைக்கூட விட்டுவைக்கவில்லை. அந்தப்பக்கம் அக்கா ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை.

“லைன்ல இருக்கியா?”

“இருக்கேன். சொல்லு. அப்புறம் அவன் மூஞ்சி எப்படிப் போச்சு?”

அவள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.

அழுகை அன்றைக்கு வரவில்லை. அதற்கும் சில வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, ஆலையில் வண்டி ஏற்றிக்கொண்டிருக்கும்போது காரணமே இல்லாமல் வந்தது. அடுக்கி வைத்த துண்டுகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். இஸ்திரிப் பிரிவுப் பெண்கள் இருவர் பார்த்துவிட்டு, ஓட்டுநரிடம் தாங்களே போய்ப் பேசி வண்டியை அனுப்பிவைத்தார்கள்.

படிப்பை முடித்தாள். பிரமாதமாக என்று சொல்ல முடியாது. முதலாளி அடுத்த ஊரில் திறந்த இரண்டாவது ஆலையை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். பல் மருத்துவரோடு சிநேகம் தொடர்கிறது. அவரிடமே ஒரு பல்லும் பிடுங்கிக்கொண்டாள். சில நாள் இன்னும் பழையபடி எதுவும் உறைக்காமல் போவதுண்டு. போன விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குப் போய் மாடி அறையில் தங்கினாள். மஞ்சள் திரை கண்ணைக் கூசவைத்தது. அதை அக்காவிடம் சொன்னாள். இரண்டு பேரும் அதற்காக ஒரு பகல் முழுக்கச் சண்டை போட்டார்கள்.