மணல் விழாத இடம்

வீட்டில் எல்லோருக்கும் நான் ஈர்க்குச்சி. அக்கா வைத்த பேர். வயது இருபத்துமூன்று. ஊரை விட்டு வந்து எட்டு மாதம் ஆகிறது. வேலை செய்கிற கேமரா கடைக்குப் பின்னால், மாடிப்படியில் உட்கார்ந்து போனிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அது எழுதிக்கொள்கிறது. தட்டி எழுத நேரம் இல்லை. மணி காலை பதினொன்று இருபது. அக்காவுக்கு ஆறு தடவை அடித்துவிட்டேன், எடுக்கவில்லை. மாமாவும் எடுக்கவில்லை. அதனால்தான் குடும்பக் குழுவிலேயே போடுகிறேன்.

இது நிஜமாக நடந்தது. நான் கதை விடுகிறவன்தான், உங்கள் எல்லோருக்கும் தெரியும். மாமாவின் கைக்கடிகாரத்தைத் தொலைத்துவிட்டு, காக்கா தூக்கிப் போனது என்று சத்தியம் பண்ணினவன். ஆனால் இதை நான் விடவில்லை. தயவு செய்து கடைசி வரைக்கும் படியுங்கள்.

பழைய கேமராக்களைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. பின்னால் ஜன்னலே இல்லாத ஒரு சின்ன அறை. சுவர் முழுக்கக் கறுப்பு. ஒரு மேஜை. அதன்மேல் வண்ண அட்டை, நூல்கண்டு, ஒற்றைக் கண் கரடிப் பொம்மை. எந்தக் கேமரா வந்தாலும் ட்ரைபாடில் பூட்டி இதே மூன்றையும் எடுப்பேன். ஐ.எஸ்.ஓ. நூறில் தொடங்கி, இருநூறு, நானூறு என்று பன்னிரண்டாயிரத்து எண்ணூறு வரைக்கும் எட்டுப் படங்கள். எண் ஏற ஏறக் கேமரா இருட்டிலும் பார்க்கும். ஆனால் படத்தில் மணல் தூவினமாதிரி புள்ளி விழும். எவ்வளவு புள்ளி என்று பெரிதாக்கிப் பார்த்து, 'தேறியது', 'தேறவில்லை' என்று தாளில் எழுத வேண்டும். புள்ளி இல்லாத கேமரா உலகத்தில் கிடையாது.

ஊரில் அக்கா தன் வீட்டு முன்னறைக்கு வெள்ளை அடித்து வைத்துக்கொண்டு, குழந்தைகளைப் படம் எடுத்துக் கொடுக்கும் தொழில் தொடங்கக் காத்திருந்தாள். "நீ பாத்துத் தேறினதுன்னு சொன்னா போதும்டா, எனக்கு வேற யாரும் சொல்ல வேணாம்" என்றாள். முதலாளியிடம் அவளுக்கு ஒரு கேமரா கேட்டேன். அலமாரியில் கிடந்ததில் ஒன்றைக் காட்டினார். அடியில் உள்ள எண் 417 என்று முடியும். எங்கள் ஊர்க்காரரான கடை மெக்கானிக் அண்ணன் இந்தச் செவ்வாய்க்கிழமை மாலை விடுமுறையில் ஊருக்குக் கிளம்புவதாக இருந்தது, ஐந்து மணிக்குள் அவர் பையில் போட்டுவிட வேண்டும்.

அன்று மதியம் இரண்டு பத்துக்கு அறைக் கதவைச் சாத்தினேன்.

எண்ணூறு வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஆயிரத்து அறுநூறில் எடுத்ததைத் திரையில் பெரிதாக்கினேன். கறுப்புச் சுவர் முழுக்க மணல். சரிதான். ஆனால் இடது ஓரத்தில், மேலிருந்து கீழாக, ஒரு கை அகலத்துக்கு மணல் இல்லை. துடைத்து விட்டமாதிரி சுத்தம்.

மூவாயிரத்து இருநூறில் அந்தச் சுத்தம் கொஞ்சம் அகலமாகி, ஓரத்திலிருந்து உள்ளே வந்திருந்தது.

ஆறாயிரத்து நானூறில் அதற்குத் தோள் இருந்தது. தோளுக்குமேல் தலை.

பன்னிரண்டாயிரத்து எண்ணூறில் அது மேஜையை ஒட்டி நின்றது. கரடிப் பொம்மையின் இடது காதில் மட்டும் ஒரு புள்ளிகூட இல்லை. நான்கு விரல் அகலத்துக்கு...

எனக்குச் சந்தேகம் வந்தது மெக்கானிக் அண்ணன்மேல். போன மாதம் நான் பூட்டி வைத்த லென்ஸுக்குள் செத்த ஈயைப் போட்டு, கடையையே சிரிக்க வைத்தவர் அவர். வெளியே போனேன். பைக்குள் துணி திணித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்த 417ஐ நோண்டுனீங்களா?"

"நான் பை கட்டுறதா, உன்கூடக் கண்ணாமூச்சி ஆடுறதா?"

"சத்தியமா?"

"டேய் ஈர்க்குச்சி, ஊருக்குப் போற நேரத்துல சத்தியம் எல்லாம் கேக்காத. என்ன ஆச்சு? மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?"

ஒன்றுமில்லை என்று திரும்பினேன். புள்ளியைக் குறைக்கிற வசதி தானாக ஓடுகிறதோ என்று பார்த்தேன். அணைத்துத்தான் இருந்தது. லென்ஸை மாற்றினேன். கார்டை அழித்தேன். மறுபடி எடுத்தேன். அதே இடத்தில் அதே ஆள். சரி, அறையில்தான் ஏதோ கோளாறு என்று அலமாரியிலிருந்து இன்னொரு கேமராவைக் கொண்டுவந்தேன். 502 என்று முடிகிறது. பழசு, புள்ளி கூடுதல். அதே ட்ரைபாட், அதே எண். சுவர் முழுக்க ஒரே சீராக மணல்.

அப்படியானால் கோளாறு 417இல்தான்.

மணி மூன்று நாற்பத்தொன்று. கடைசிச் சோதனை ஒன்று உண்டு. லென்ஸுக்கு மூடி போட்டு, அறை விளக்கையும் அணைத்து, முப்பது வினாடி எடுக்க வேண்டும். வெளிச்சமே போகாததால் படம் வெறும் கறுப்பாக வரும். உள்ளே படம் பதிகிற சென்சார் பழுதாகியிருந்தால் சிவப்பாக, நீலமாக இரண்டு பொட்டு தெரியும். அவ்வளவுதான்.

மூடியை மாட்டி விளக்கை அணைத்தேன். அழுத்தினேன்.

டக்.

மனதுக்குள் எண்ணினேன். பத்து... பதினைந்து... கதவுக்கு வெளியே அண்ணன் பையின் ஜிப்பை இழுக்கிற சத்தம். இருபது... இருபத்திரண்டு...

டக்.

எட்டு வினாடி முன்னாலேயே மூடிக்கொண்டது.

விளக்கைப் போட்டுத் திரையைப் பார்த்தேன். கறுப்பு. கறுப்பில் மணல். நட்டநடுவில் மணல் இல்லாத ஒரு தலை. படம் கொள்ளாத அளவுக்குப் பெரிதாக.

மூடி போட்ட லென்ஸுக்கு முன்னால் யார் நின்றாலும் படத்தில் வராது.

அப்படியென்றால் அது முன்னால் இல்லை.

உள்ளே...

போன் அடித்தது. அக்கா.

"என்னடா, அண்ணன்கிட்ட குடுத்துட்டியா?"

"இன்னும் இல்லக்கா. வேற ஒண்ணு தர்றேன். கொஞ்சம் பழசு."

"ஏன், அது தேறலையா?"

"தேறல."

"என்ன குறை?"

வாயில் வந்ததைச் சொன்னேன். பின்னால் அக்காவின் பாப்பா மழலை பேசுகிற சத்தம். எட்டு மாதக் குழந்தை, இன்னும் நான் தூக்கினதில்லை. "சரி, நீ சொன்னா சரி. மொத போட்டோ இவளைத்தான்" என்று அக்கா வைத்துவிட்டாள்.

தாளில் 'தேறவில்லை' என்று எழுதி முதலாளியிடம் நீட்டினேன்.

"காரணம் எங்க?"

"படத்தைப் பாருங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார். "உன் அக்காவுக்குன்னதும் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்குறியாடா? இந்த எண்ணுல இவ்வளவு சுத்தமா நான் பாத்ததே இல்ல!"

எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டாயிரத்து எண்ணூறில் நான் எடுத்த அதே படம்தான். பொம்மை, நூல்கண்டு, அட்டை, சுவர்.

எங்குமே மணல் இல்லை.

"தேறவில்லையாம்! வேலை பிடிக்கலைன்னா நேரா சொல்லு" என்றார். 417ஐ அலமாரியில் வைத்துப் பூட்டினார். நான் 502ஐத் துணியில் சுற்றி, அண்ணன் பையில் வைத்தேன். வைப்பதற்கு முன் எண்ணை மூன்று தடவை பார்த்தேன். நாலு ஐம்பதுக்கு அவர் கிளம்பினார். தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். நான்கு இரவு நன்றாகத் தூங்கினேன்.

இன்றைக்கு, சனிக்கிழமை காலை, பத்து முப்பத்திரண்டுக்கு அக்காவிடமிருந்து மூன்று படங்கள் வந்தன. கூடவே குரல் செய்தி. "நீ முன்னாடி சொல்லிக் குடுத்தமாதிரியே ஜன்னலைச் சாத்திட்டு, பெரிய எண்ணுல வெச்சு எடுத்தேன்டா. பழசுன்னியே! எவ்வளவு சுத்தம் பாரு!"

முதல் படம். பாப்பா பாயில் தூங்குகிறாள். எல்லா இடத்திலும் மணல். கதவோரம் மட்டும், மேலிருந்து கீழாக, ஒரு கை அகலத்துக்கு இல்லை.

இரண்டாவது. அது பாயின் கால்மாட்டில் நின்றது.

நான் எண்ணைத் தப்பாகப் பார்த்திருப்பேன், 417தான் போயிருக்கும் என்று அலமாரிக்கு ஓடினேன். 417 அங்கேயே இருந்தது. சாவி வாங்கிச் சோதனை அறையில் ஒரு படம் எடுத்தேன். சுவர் முழுக்க மணல். எந்தப் பழைய கேமராவும் எடுக்கிறமாதிரி, ஒரே சீராக.

அது இதில் இப்போது இல்லை.

மெக்கானிக் அண்ணனுக்கு அடித்தேன்.

"அண்ணே, அக்காகிட்ட எந்தக் கேமரா குடுத்தீங்க?"

"நீ வெச்சதைத்தான்டா. அடியில 502. உங்க அக்கா என் முன்னாலதான் படிச்சுப் பாத்துச்சு."

"வழியில யாராவது அதைத் தொட்டாங்களா?"

"மடியிலேயே வெச்சுட்டு வந்தேன்டா. வர்ற வழியெல்லாம் டக்கு டக்குன்னு அதுவா அடிச்சுட்டே வந்துச்சு. பேட்டரியை நீ கழட்டலையான்னு நானே உன்னைக் கேக்கணும்னு இருந்தேன்."

துணியில் சுற்றும் முன்பே பேட்டரியை நான் கழற்றி எடுத்துவிட்டேன். அக்கா அங்கே புதுசு வாங்கிப் போட்டுக்கொள்வாள் என்றுதான் இருந்தது.

பிறகுதான் மூன்றாவது படத்தைத் திறந்தேன்.

பாய், சுவர், கதவு, போர்வை... எல்லாம் துடைத்துவிட்ட சுத்தம். ஒரு புள்ளி இல்லை.

மணல் மிச்சம் இருப்பது பாப்பாவின் முகத்தில் மட்டும்தான்.

அவள் கண் விழித்திருக்கிறாள். அக்காவைப் பார்க்கவில்லை. லென்ஸுக்கு உள்ளே பார்க்கிறாள்.

இப்போது ஏழாவது தடவை அடித்தேன். எடுக்கவில்லை.

இதை யார் முதலில் படித்தாலும் சரி, உடனே அக்கா வீட்டுக்குப் போங்கள். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். கேமராவைத் தொட வேண்டாம், அணைக்கக்கூட வேண்டாம். இன்னொரு படம் மட்டும் யாரும் எடுக்காதீர்கள். வெளியே வந்ததும் எனக்கு ஒரு போன் பண்ணுங்கள்.