காப்புக் கயிற்றோடு மலையிறங்கினோம்

என் கணவர்மீது எங்கள் மலைச்சாமி சேர்வராயன் இறங்கியிருக்கிறான் என்றே குடும்பத்தார் நம்பினார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வைகாசி அது. எங்கள் மலையூரான கொட்டச்சேட்டில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தோம். ஆண்டுதோறும் அருள் வந்து ஆடுகிறவர் அவர், அறுபத்தைந்தைத் தாண்டியிருந்தார். அன்று காலை அவருடைய பேச்சு திடீரெனக் குழறியது. வலக்கையிலிருந்து டம்ளர் நழுவியது.

திருநீறு பூசினால் அருள் தணியும். உடனே காபி கேட்பார். அன்று பூசியும் பேச்சுத் தெளியவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"சேலத்துக்குக் கூட்டிட்டுப் போலாம் தம்பி," என்றேன் கொழுந்தனாரிடம்.

"காப்புக் கட்டுனவரு ஊரெல்லை தாண்டலாமுங்களா அண்ணி? நாலெழுத்துப் படிச்சா சாமியவே டாக்டருகிட்டக் காட்டச் சொல்லுமாட்ட இருக்குது!"

ஊர்க்கோயிலில் பூக்கேட்டோம். சாமி தலையில் கொழுந்தனாரே பூவை வைத்தார். வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு. 'அப்பனே, உன் பிள்ளையை உன்னிடமே கேட்கிறேன்' என்று அழுதேன். பூ அசையவில்லை. வாசலில் உட்காரவைத்திருந்த அவரைப் பார்ப்பேன், பூவைப் பார்ப்பேன். கடைசியில் விழுந்தது, வலப்பக்கம். எஸ்டேட் ஜீப்பைக் கேட்டு ஓடியவர் கொழுந்தனாரேதான்.

"பக்கவாதம் மாதிரிதான் தெரியுதுங்கம்மா. ஆனா அடைப்பா, ரத்தக் கசிவான்னு ஸ்கேன் பார்க்காம மருந்து குடுக்கக் கூடாது," என்றார் சேலத்து மருத்துவர். காப்பை அவிழ்க்க வேண்டுமா என்று கேட்டேன். "தலையத்தானுங்க படம் எடுக்கறோம், கயிறு பாட்டுக்கு இருக்கட்டும்," என்றார் நர்ஸ்.

மண்டையோட்டின் கீழே பழைய ரத்தம் தேங்கி மூளையை அழுத்திக்கொண்டிருந்தது. அடைப்புக்கான மருந்து கொடுத்திருந்தால் கசிவு பெருகியிருக்குமாம். "கீழ விழுந்தாருங்களா?" என்று கேட்டார் மருத்துவர்.

அப்போதுதான் நினைவு வந்தது. சில வாரங்களுக்கு முன் காபித் தோட்டத்தில் சறுக்கி, சவுக்குமரத்தில் தலை மோதியிருந்தார். "எனக்கொண்ணுமில்ல புள்ள, மரத்தக் கேட்டுப் பாரு," என்று சிரித்தார். அதோடு மறந்தோம்.

அறுவை செய்து ரத்தத்தை வடித்தார்கள். கண் விழித்தவர் என்னைப் பார்த்தார்.

"ஏம் புள்ள, மரத்தக் கேட்டியா?"

ஒரு சொல்லும் குழறவில்லை.

இப்போதெல்லாம் கொழுந்தனார், நோய் வந்தால் எல்லை தாண்ட முன்கூட்டியே உத்தரவு கேட்டுவிட்டுத்தான் காப்புக் கட்டுகிறார். அன்பர்களே, வயதானவருக்குத் திடீரெனப் பேச்சுக் குழறினால், கை தளர்ந்தால், வேண்டிக்கொண்டே வண்டியேறுங்கள். பூவுக்குக் காத்திருக்க வேண்டாம். எனக்குத் தந்த உத்தரவை உங்களுக்கும் சேர்த்தே சேர்வராயன் தந்தான் என்று நம்புகிறேன்.

பிள்ளைகள் சேலத்தில் குடியேறிவிட்டார்கள். மலைவீட்டில் அவரும் நானும் இருக்கிறோம்.