மீட்டரில் கூடியிருந்த நாற்பத்திரண்டு கிலோமீட்டர்

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். காஸ் சிலிண்டரை மூடிவிட்டுத் தெருமுனைவரை போய், திரும்பி வந்து மறுபடி தொட்டுப் பார்க்கிற ரகம். அதனால் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்க எனக்கு நான்கு மாதம் ஆனதில் ஆச்சரியமில்லை.

என் மனைவிக்கு ஆஸ்துமா. போன மார்கழியில் ஒரு காலை அவளுக்கு மூச்சு முட்டியது. மொபெட்டில் உட்கார வைத்துக் கிளம்பினேன். பாலத்து ஏற்றத்தில் வண்டி நின்றது. அவள் ஓரக் கல்லில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடினாள். நான் உதைத்துக்கொண்டே இருந்தேன். காய்கறி ஏற்றிவந்த ஆட்டோ ஒன்றுதான் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. "இன்னும் பத்து நிமிஷம் லேட்டாகியிருந்தா..." என்று டாக்டர் சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தை அன்றிலிருந்து தினமும் நான் முடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுவழியில் நிற்காத வண்டி. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மொபெட்டைப் பார்க்கிற மெக்கானிக்கையே ஒவ்வொரு இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போனேன். என்னைவிடப் பத்து வயது சின்னவன், வாய் ஜாஸ்தி. ஏழு வண்டி பார்த்து ஏழையும் வேண்டாமென்று சொன்னபோது, "அண்ணா, நீ வண்டி வாங்க வர்ல. போஸ்ட்மார்ட்டம் பண்ண வர்ற" என்றான்.

எட்டாவது வண்டி அடி அண்ணாமலையில் இருந்தது. கிரிவலப் பாதையைத் தொட்டபடி இருந்த ஒரு சந்து. வெயில் ஏறிய நேரம். பெரியவர் ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து வந்து, வண்டிமேல் போட்டிருந்த பழைய புடவையை விலக்கினார். வீட்டில் அவர் மட்டும்தான். கறுப்பு வண்டி. ஒரு கீறல் இல்லை.

கீறல் இல்லாததுதான் எனக்கு முதல் சந்தேகம்.

மெக்கானிக் போனில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தான். ஒரே ஓனர், பெரியவர் பெயர். கடன் இல்லை. கேஸ் இல்லை. ஆனால் இன்சூரன்ஸ் முடிந்து ஐந்து வருஷம்.

"அஞ்சு வருஷமா ஓட்டலீங்களா?"

"ஓட்டல தம்பி. எனக்கு ஓட்டத் தெரியாது. பையனுக்கு வாங்குனது."

"பையன் எங்க?"

"காய்ச்சல்ல போயிட்டான்."

நான், வெட்கமில்லாமல், "வண்டியில எதுவும் அடிபடலியே?" என்று கேட்டேன். "ஆஸ்பத்திரி கட்டில்ல போனான் தம்பி" என்றார்.

மெக்கானிக் பிளக்கைக் கழற்றினான். டாங்க் மூடியைத் திறந்து மோந்தான். "ஒரு சொட்டு இல்ல, துரு வாசனைதான் வருது. இந்த இன்ஜின் ஓடி வருஷக்கணக்காவுது." அப்புறம் ஹேண்டில்பாரைப் பிடித்தவன் அப்படியே நின்றுவிட்டான். "இங்க தொட்டுப் பாரு ணா."

வலது கைப்பிடி புதிது போல் இருந்தது. இடது கைப்பிடியில் ரப்பர் தேய்ந்து வழவழவென்றிருந்தது. சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியும் இடது பக்கம் மட்டும் தேய்ந்து பளபளத்தது.

"ஆக்ஸிலேட்டர் பக்கம் தேயாம கிளட்ச் பக்கம் தேயற வண்டிய நான் பாத்ததே இல்ல" என்றான்.

பெரியவர் உள்ளே போய் சர்வீஸ் புத்தகத்தைக் கொண்டுவந்தார். முதல் மூன்று சர்வீஸுக்கு முத்திரை இருந்தது. அதற்குப் பிறகு முத்திரை இல்லை. பால்பாயிண்ட் பேனாவில் தமிழ் மாதமும், பக்கத்தில் மீட்டர் கணக்கும். ஐப்பசி. கார்த்திகை. மார்கழி. மாதத்துக்கு ஒரு வரி. கூட்டல் கழித்தல் எனக்கு நன்றாக வரும். ஒவ்வொரு வரிக்கும் மீட்டர் பதினான்கு கிலோமீட்டர் ஏறியிருந்தது. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

திருவண்ணாமலையில் இருப்பவனுக்குப் பதினான்கு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. மலையைச் சுற்றிவர அவ்வளவு தூரம்.

"தள்ளிட்டுப் போனீங்களா?" என்றேன்.

"அவன் ஒரு பௌர்ணமி விடமாட்டான். போனப்பறம் அவன் பொருளையாவது கூட்டிட்டுப் போவலாம்னு தோணுச்சு. இடது கைல ஹேண்டிலு, வலது கைல அந்தக் கம்பி. போலீஸ்காரங்க பஞ்சரா பெரியவரேன்னு கேப்பாங்க. ஆமான்னுடுவேன்." சிரித்தார். "மாசியோட முட்டி போச்சு. பங்குனில இருந்து வெளிய எடுக்கல. அதான் விக்கறேன்."

நல்ல மனிதர், நல்ல வண்டி, முடித்துவிடலாம் என்று மெக்கானிக் கண் காட்டினான். என் புத்தி விடவில்லை. கடைசி வரியைப் பார்த்தேன்: மாசி, 7106. குனிந்து மீட்டரைப் பார்த்தேன். 7148.

மறுபடி பார்த்தேன். பிறகு மெக்கானிக்கைப் பார்க்கச் சொன்னேன். நாற்பத்திரண்டு கூடியிருந்தது. பங்குனி, சித்திரை, வைகாசி. மூன்று பௌர்ணமி.

"யாராவது எடுத்துட்டுப் போனாங்களா?"

"சாவி என் இடுப்புல இருக்கு. ஹேண்டில் லாக் போட்டது போட்டபடி இருக்கு." அவரும் குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் பயம் இல்லை. அதைப் பார்த்துத்தான் நான் பயந்தேன். "தம்பி, நான் தள்ளல" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

சந்துக்கு வெளியே வந்ததும் மெக்கானிக் பீடி பற்ற வைத்தான். "எவனாவது பக்கத்து வீட்டுக்காரன் எடுத்திருப்பான். இல்லன்னா மீட்டர் கோளாறு. இன்ஜின் புதுசு ணா. கார்புரேட்டரைக் கழுவி, பெட்ரோல் பைப் மாத்துனா பத்து வருஷம் வரும். ஆனா வேணாம்னு சொன்னா இந்த ஒரு வாட்டி உன்னைத் திட்ட மாட்டேன்."

இரண்டு நாள் தூங்கவில்லை. யோசித்து யோசித்து ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்தேன். நான் பயப்படுவது நிற்கிற வண்டிக்கு. இதுவோ பெட்ரோல் இல்லாமலே போகிற வண்டி. இதற்கு நான் ஏன் பயப்பட வேண்டும்?

வாங்கிவிட்டேன். மனைவியிடம் மீட்டர் கதையைச் சொல்லவில்லை.

ஆனிப் பௌர்ணமி வந்தது. பகலிலேயே வண்டியை ஜன்னல் கம்பியோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். மீட்டர் எண்ணை நாள்காட்டித் தாளில் எழுதி வைத்தேன். விடிந்ததும் போய்ப் பார்த்தேன். எண் அப்படியே இருந்தது.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். நிம்மதி வரவில்லை. பௌர்ணமி தவறாத அந்தப் பையனின் வேண்டுதலைச் சங்கிலி போட்டு நிறுத்தியவன் நான். இனி இது சாதாரண வண்டி. சாதாரண வண்டி ஒருநாள் பாலத்து ஏற்றத்தில் நிற்கும். அன்று என் பின்னால் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னை மனைவி பார்த்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சங்கிலியை என் கையிலிருந்து வாங்கினாள். பிறகு, "அந்த ஆளு முட்டி போற வரைக்கும் தள்ளியிருக்காரு. உங்களுக்குச் சங்கிலிதான் தோணுச்சா?" என்றாள்.

"இப்ப என்ன பண்றது?"

"பௌர்ணமி இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் இருக்குதாம். தள்ளிட்டு வாங்க. நானும் வரேன்."

"நீயா? பதினாலு கிலோமீட்டரா?"

"மூச்சு வாங்குனா மேல ஏறிக்கறேன். அதுக்குத்தானே வண்டி வாங்குனீங்க?"

நோய் வந்தபிறகு அவள் மலை சுற்றியதே இல்லை. ஆஸ்துமா பம்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். நான் இடது கையில் ஹேண்டிலும் வலது கையில் கம்பியுமாகத் தள்ளினேன். தேய்ந்த இடங்களில் என் கை சரியாகப் பொருந்தியது. இரவில் சுற்றிய கூட்டம் கலைந்துபோய், பாதையில் காலி டம்ளர்களும் துப்புரவுப் பெண்களும் மட்டும் இருந்தார்கள். "பஞ்சரா ணா?" என்று ஒரு பெண் கேட்டாள். ஆமாம் என்றேன்.

அடி அண்ணாமலை நெருங்கும்போது அவளுக்கு இளைக்க ஆரம்பித்தது. பம்பு அடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். அவள் பாரமும் சேர, எனக்கு நெஞ்சு அடைத்தது. பெரியவர் வீட்டுச் சந்தைத் தாண்டினோம். கதவு சாத்தியிருந்தது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், மேடான இடத்தில், வண்டி லேசாகிவிட்டது.

"காலைத் தரையில ஊனித் தள்றியா?" என்று கேட்டேன்.

"இல்லியே." அவள் இரண்டு பாதமும் மிதிகட்டைமேல் இருந்தன. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. எனக்குத்தான் வாங்கியது. "நீங்கதான் வேகமாப் போறீங்க. மெதுவாப் போங்க."

நான் வேகமாகப் போகவில்லை. வண்டிதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனது. தேய்ந்த ரப்பரை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். கையை எடுத்துப் பார்த்திருக்கலாம். நின்றுவிடுமோ என்று பயம். நிற்காமல் அவளையும் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருந்துவிடுமோ என்று, அதைவிடப் பயம்.