சாப்பாட்டுப் பையில் ஒரு வேர்

மகள் பரிசளித்த ஆர்க்கிட் செடிக்கு, தினமும் கும்பிட்டு முடித்த கையோடு தண்ணீர் ஊற்றி வேரையெல்லாம் அழுகவிட்டேன். தையல்கார நாத்தனார் யாரிடமும் மூச்சுவிடாமல், மிஞ்சிய வேரில்லாத் துண்டைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனாள். விடுமுறைக்கு மகள் வருவதற்குள் அது பிழைக்க வேண்டுமே!

ஈரப்பாசியில் பொதிந்து, பிளாஸ்டிக் பையில் உள்ளே காற்று நிற்கும்படி கட்டி, சமையலறை ஆணியில் மாட்டினாள். ஒருநாள் அவள் வீட்டுக்காரர் அதைச் சாப்பாட்டுப் பையென்று வேலைக்குத் தூக்கிப் போய்விட்டார். மதியம் போன் வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

“ஏம்மா, என் சாப்பாடு வேர் விட்டிருக்கு!”

“ஐயோ, வாயில வச்சிராதீங்க!” என்று கத்தியவள், என்னைப் பிடித்துத் தலை கிறுகிறுக்கச் சுற்றினாள். சிரிப்பில் கடவுளுக்கு நன்றி சொல்லக்கூட முடியவில்லை.

மகள் வந்தபோது செடி தொட்டியில் நின்றது. பிறகு நாத்தனார் வேறு ஊருக்குக் குடிபோனாள். வண்டியிலிருந்து தலையை நீட்டிச் சொன்னாள்:

“அண்ணி, செடிக்காகக் கும்பிடுங்க, குளிப்பாட்டாதீங்க!”