பின் சீட்டில் மாமியார்

பழைய கார் வாங்கி விற்கும் புரோக்கர்கள் அந்த மனுஷரை மாமியார் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். எந்த வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் புது மருமகளைப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்த்து, ஒரு குற்றமாவது கண்டுபிடிக்காமல் நகர மாட்டார். அந்தப் பெயரில் அவருக்குக் கோபமில்லை, உள்ளூரப் பெருமைதான். பழைய கார் வாங்க நினைப்பவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர் பார்த்து 'ம்' என்றால்தான் பேச்சே தொடங்கும். அதுதான் அவர் பிழைப்பு.

பானெட்டைத் திறந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுக் காபி குடிக்கப் போகிற ஆள் இல்லை அவர். வாங்குகிறவர் தினமும் போய்வரும் பாதையிலேயே வண்டியை ஓட்டுவார். அங்குள்ள வேகத்தடையில் ஏற்றி இறக்குவார். கடைசியில் ஒரு சீட் விடாமல் எல்லாவற்றிலும் உட்கார்ந்து எழுவார். இத்தனைக்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்பார். இதில் தினமும் யார் யார் ஏறுவார்கள்? முட்டிவலிக்காரர் உண்டா, கைக்குழந்தை உண்டா, ஏறியதும் தூங்கிவிடும் ஆள் உண்டா? பதில் தெரியாமல் வண்டியைத் தொட மாட்டார். குடும்பத்தைத் தெரிந்துகொள்ளாமல் வண்டி பார்ப்பது அளவெடுக்காமல் சட்டை தைப்பது மாதிரி என்பது அவர் கட்சி.

மனைவி இறந்துபோனபோது மகள் பள்ளிக்கூடம்கூடச் சேரவில்லை. விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் பார்க்கிற வண்டிக்கெல்லாம் அவளையும் தூக்கிக்கொண்டு போனார். அவள் பக்கத்து சீட்டில் புதைந்து உட்கார்ந்து, எங்கே கடகடக்கிறது, எங்கே உறுமுகிறது என்று சொல்லிக்கொண்டே வருவாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஊருக்கெல்லாம் மாமியாரான மனுஷர் மகளிடம் மட்டும் குற்றமே கண்டதில்லை. வளர்ந்து, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டபோதும் கேள்வி கேட்கவில்லை. மாப்பிள்ளை இவர்கள் வீட்டோடேயே வந்து தங்கினான். அவனுக்குச் சமைக்கத் தெரியும், இவருக்குச் சாப்பிடத் தெரியும். மாமனாரும் மருமகனும் ஒத்துப்போக வேறென்ன வேண்டும்?

அப்படியிருக்க, ஒருநாள் காலையில் மகள், தாங்கள் ஒரு கார் பார்த்திருப்பதாகவும் அவர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னாள். அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார்.

புரோக்கரின் ஷெட்டில் அது நின்றது. கருநீலம். இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, முதுகு சரிந்து இறங்கும் ஸ்போர்ட்ஸ் வண்டி. கூபே என்பார்களே, அது. அந்த வகையில் கைக்கு எட்டுகிற விலை. இது வயசுப்பிள்ளைகள் மினுக்கிக்கொண்டு திரிகிற வண்டி ஆயிற்றே, தினப்படிக்கு உதவுமா என்று மனதுக்குள் முணுமுணுத்தபடிதான் ஏறினார். மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை ஷெட்டிலேயே நின்றுகொண்டான்.

ஓட்ட ஓட்ட அவர் முகம் மாறியது. கிளட்ச் மிதித்த இடம் தெரியாமல் இறங்கியது. நெரிசலில் ஊர்ந்தாலும் இஞ்சின் சூடேறவில்லை. வேகத்தடையில் அடி தட்டும் என்று பல்லைக் கடித்தார், தட்டவில்லை. சீட் கொஞ்சம் கெட்டி. கதவு நீளம், நெருக்கி நிறுத்தினால் இறங்கும்போது ஒட்டித்தான் வரவேண்டும். பின்னால் வருவது சட்டென்று தெரியாது, கண்ணாடியை நம்ப வேண்டும். டிக்கியில் ஒரு வாரச் சாமான் தாராளமாய்ப் போகும். இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். மகள் பழையபடி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெகுநாளைக்குப் பிறகு இருவரும் ஒரு வண்டியில் இப்படிப் போகிறார்கள். அந்த சந்தோஷத்தில் முதலில் கேட்க வேண்டியதைக் கேட்க மறந்திருந்தார். ஞாபகம் வந்ததும், யாரோ வாடிக்கையாளரிடம் கேட்பதுபோல வாய் தானாகக் கேட்டது.

"இதுல தினமும் யார் யார் ஏறுவாங்க?"

"நாங்க ரெண்டு பேரும்தான்," என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. அவர் வண்டியை ஓரம் கட்டினார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பக்கத்து ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. அதைத் தாண்டி வீடும் பார்த்தாயிற்று. அங்கிருந்து ஷிஃப்டுக்குப் பஸ் கிடையாது, வண்டி இருந்தால்தான் ஆகும். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"நீங்க இந்த வண்டி வேண்டாம்னு சொன்னா விட்டுடறோம்பா. வேற வண்டி தேடற எண்ணமும் இல்ல. எனக்கு இங்கயே வேலை இருக்கு."

அவள் உண்மையாகத்தான் சொன்னாள். அதுதான் அவரைக் கொன்றது. ஒரு வார்த்தை போதும். கியர்பாக்ஸ் சரியில்லை என்றால் அவள் மறுபேச்சுப் பேச மாட்டாள். அவர் வண்டி விஷயத்தில் பொய் சொன்னதே இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ஷெட்டுக்குத் திரும்பியதும் மாமியார் வண்டியைப் பிரித்து மேய்ந்தார். அடியில் படுத்துப் பார்த்தார். காலடி விரிப்பைத் தூக்கித் துரு தேடினார். ஆயிலைத் தொட்டு முகர்ந்தார். இடித்து ஒட்டிய தடம் எங்காவது இருக்குமா என்று விளிம்பெல்லாம் விரலை ஓட்டினார். ஒரே ஒரு குற்றம், நியாயமான ஒரு குற்றம் கிடைத்தால் போதும் என்று கடவுளை வேண்டிக்கொண்டார். கிடைக்கவில்லை. கடைசியில் முன் சீட்டைச் சாய்த்துப் பின்னால் நுழைந்து உட்கார்ந்தார். முட்டி நெஞ்சுக்கு வந்தது. தலை பின்கண்ணாடியில் இடித்து, கழுத்து வளைந்தது. அது கைப்பை வைக்கிற இடம், மனுஷன் உட்காருகிற இடமில்லை. இதைச் சொன்னாலே போதும், அதுவும் பொய்யாகாது.

வெளியே வந்தார். மகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"நல்ல வண்டிம்மா. தினமும் ஓட்டலாம். கண்ண மூடிக்கிட்டு வாங்கு."

"பின் சீட்ல உக்காந்து பாத்தீங்களா? நீங்க வந்தா உக்கார முடியுமா?"

"தாராளமா உக்காரலாம்," என்றார். புரோக்கர் வாயைத் திறந்தவர், அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

குடிபோகிற அன்று சாமான்கள் லாரியில் முன்னே போய்விட்டன. அப்பாவும் வந்து வீட்டைப் பார்த்தே ஆகவேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். சொன்ன வாயால் மறுக்க முடியுமா? பின்னால் மடங்கி உட்கார்ந்தார். வழியெல்லாம் அவர்கள் இருவரும் எந்த அறையில் எதை வைப்பது என்று பேசிச் சிரித்தார்கள். அவருக்குத் தெரிந்தது இரண்டு பின்னந்தலைகள்தான். இடையிடையே அவள் திரும்பாமலே, சௌகரியமா இருக்கா என்று கேட்டாள். ஜம்முன்னு இருக்கு என்று முழங்காலிடம் சொன்னார்.

வீடு வந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் குதித்து இறங்கினார்கள். கதவுகள் சாத்திக்கொண்டன. அவள் சாவியை ஆட்டிக்கொண்டு ஓட, அவன் பின்னால் ஓடினான். முன் சீட்டை வெளியிலிருந்து யாராவது சாய்த்தால் ஒழிய அவரால் இறங்க முடியாது, இடுப்பு அப்படிப் பிடித்திருந்தது. வாசல் திறந்தது, இருவரும் உள்ளே போனார்கள். ஒவ்வொரு ஜன்னலாகத் திறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடவில்லை. புது வீட்டில் அவர்கள் வைக்கிற முதல் அடியில் தன் குரல் குறுக்கே வரவேண்டாம் என்று நினைத்தார்.

பிறகு அவள் வாசலுக்கு ஓடிவந்தாள். சீட்டைச் சாய்த்து, இரண்டு கைகளாலும் அவரைப் பிடித்து வெளியே இழுத்தாள். அவரால் உடனே நிமிர முடியவில்லை. குனிந்தபடியே நின்ற அவரைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"ஏம்பா அப்படிச் சொன்னீங்க?"

"வண்டி நல்ல வண்டிம்மா," என்றார்.

இருந்துவிட்டுப் போகச் சொல்லி இருவரும் மன்றாடினார்கள். காலையில் ஒரு வண்டி பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கிளம்பினார். அப்படி ஒரு வண்டி இல்லை. திரும்பும் பஸ்ஸில் கூட்டமே இல்லை, ஜன்னலோரமாக முழு சீட்டே கிடைத்தது. காலை நன்றாக நீட்டிக்கொண்டு, ஊர் வரும்வரை அழுதுகொண்டே வந்தார்.