லாத்தா லீவில் போயிருக்கிறார்

சர்புன்னிசாவைப் பற்றி எழுத உனக்கு என்ன அருகதை இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். சர்புன்னிசாவை வேலையைவிட்டு நிறுத்திய கடிதத்தை டைப் அடித்தவளே நான்தான். இதற்கு மேல் என்ன அருகதை வேண்டும்?

கொடைக்கானல் மலையில் பள்ளங்கிக்குக் கீழே, பஸ் திரும்புகிற இடத்தில் எங்கள் இல்லம் இருக்கிறது. வீட்டுக்கு அடங்காதவள், திருடினவள், ஓடிப்போய்ப் பிடிபட்டவள், பதினாலு வயதில் தாலி கட்டப் பார்த்தபோது மீட்கப்பட்டவள் என்று ஆளுக்கொரு பட்டத்தோடு குழந்தைகள் நலக் குழு அனுப்பி வைக்கும் பெண்பிள்ளைகள் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். நான் வில்பட்டிக்காரி. காலையில் பஸ் ஏறி வந்து ஆபீஸில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் என் வீட்டைப் பார்க்கப் போய்விடுகிறவள். சர்புன்னிசா அங்கேயே கிடந்தவர். பிள்ளைகளோடு எழுந்து, பிள்ளைகளோடு படுத்து, அவர்களிடம் கடியும் உதையும் வாங்குகிற வேலை. ரெஜிஸ்டரில் அதற்கு ஹவுஸ் மதர் என்று பெயர். பிள்ளைகள் அவரை லாத்தா என்றார்கள். முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம்.

கொடைக்கானல் பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் சஜ்ஜாத்தின் அக்கா அவர். பழனியில் கட்டிக்கொடுத்தார்கள். நாலு வருஷம் பார்த்துவிட்டு, பிள்ளை இல்லை என்று அந்த மனிதர் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டார். இவர் பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. இல்லத்துக்கு அவர் முதலில் வந்தது பிள்ளைகளுக்குப் பேன் பார்க்க. பேன் பார்க்க வந்தவர் பத்தொன்பது வருஷம் இருந்துவிட்டார்.

மற்றவர்கள் இருக்கமாட்டார்கள். குளிர் ஒரு பக்கம், சம்பளம் ஒரு பக்கம், பிள்ளைகளின் பல் இன்னொரு பக்கம். படித்துவிட்டு ஆசையோடு வருகிற பெண்கள் ஆறு மாதத்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டு போவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு பிள்ளை உடைந்துபோவாள். லாத்தா வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், ஒரு வார்டனுக்கு அரசு வேலை கிடைத்தது. கேக் வெட்டி, பாட்டுப் பாடி, பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார். ஜீப் வளைவைத் தாண்டுவதற்குள் ஒரு பிள்ளை கழிவறைக்குள் போய் ஃபினாயிலைக் குடித்துவிட்டாள். அவளை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் லாத்தா. பிள்ளை பிழைத்தாள்.

அன்றைக்கு லாத்தா ஒரு சட்டம் போட்டார். எங்கேயும் எழுதிவைக்காத சட்டம்; ஆனால் செயலாளர் சேனாதிபதி சார் முதல் வாட்ச்மேன் முருகானந்தம் வரை யாரும் மீறியதில்லை. வேலையை விட்டுப் போகிறவர்கள் சொல்லிக்கொள்ளக் கூடாது. வார லீவுக்குப் போகிற மாதிரி, வழக்கமாகக் கொண்டுபோகும் பையை மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு ஆளின் முகத்தைவிடப் பையின் மேல்தான் கண். பெட்டி வெளியே வந்தால் ஆள் திரும்பி வராது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் பெட்டி பிறகு தனியாகப் போகும். பிள்ளைகள் கேட்டால், “லீவுல போயிருக்காங்க, வந்துருவாங்க” என்று லாத்தா சொல்வார். ரெண்டு நாள் கேட்பார்கள், நாலு நாள் கேட்பார்கள், அப்புறம் கேட்க மாட்டார்கள்.

எனக்கு அந்தச் சட்டம் பிடித்ததே இல்லை. பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். கேட்பதை நிறுத்துவதும் மறப்பதும் ஒன்றா?

இரண்டு வருஷம் முன்பு கண்மணி வந்தாள். மன்னவனூர்ப் பக்கத்துப் பிள்ளை, பதினோரு வயது. சாமி கும்பிடலாம் என்று பழனிக்குக் கூட்டிப்போன தாய், அடிவாரத்தில் ஒரு கடை ஓரமாக உட்காரவைத்து, “இங்கனயே இரு, வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். பிள்ளை ஒரு பகலும் இரவும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. போலீஸ் வந்து தூக்கியபோது அவர்களைக் கடித்திருக்கிறாள். இங்கே வந்த முதல் வாரம் லாத்தாவின் மணிக்கட்டைக் கடித்தாள். மெத்தையைக் கிழித்தாள். சோற்றுத் தட்டைச் சுவரில் எறிந்தாள்.

லாத்தா திட்டவில்லை. தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். பேசவும் இல்லை. பதினோரு நாள் அப்படியே செய்தார். பன்னிரண்டாவது நாள் கண்மணி அவர் தட்டிலிருந்து ஒரு உருளைக்கிழங்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அன்று லாத்தா ஆபீஸுக்குள் ஓடிவந்து, “தின்னுட்டா ரோகிணி, தின்னுட்டா!” என்று என் தோளைப் பிடித்து உலுக்கியது இன்னும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு லாத்தா பக்கத்தில் இருந்தால்தான் அவள் சாப்பிடுவாள்.

லாத்தாவுக்கு சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து ஞாயிறு சாயங்காலம் வரை லீவு. தம்பி வீட்டுக்குப் போவார். ஞாயிறு ஐந்து மணி பஸ்ஸில் திரும்பிவிடுவார். கண்மணி நாலு மணிக்கே கேட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவாள். மழையோ பனியோ, அந்த பஸ்ஸை லாத்தா ஒருநாளும் விட்டதில்லை. பெருநாள் வந்தால்கூட, பிரியாணிப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அதே பஸ்ஸில் வந்து இறங்குவார். போன ஒரு ஆள் திரும்பி வரும் என்று அந்தப் பிள்ளை நம்பியது அந்த ஒரு பஸ்ஸை வைத்துத்தான்.

இந்த வருஷம் அரசாங்கத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர்கள், பிள்ளைகளோடு தங்குகிறவர்களுக்குப் படிப்பு வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார்கள். சேனாதிபதி சார் கெட்டவர் இல்லை. இரண்டு முறை மேலே எழுதிப் பார்த்தார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, “டைப் பண்ணிரும்மா” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எட்டாம் வகுப்புக்காரி வேலைக்கு ஆகமாட்டாள் என்பதைப் பத்தொன்பது வருஷம் கழித்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள்! ‘தங்கள் சேவைக்கு நன்றி’ என்ற வரியை நான் மூன்று முறை தப்பும் தவறுமாக அடித்தேன்.

லாத்தா கடிதத்தைப் படித்தார். மடித்தார். “மாசக் கடைசி சனிக்கிழமை போயிர்றேன். என் சாமானை நீ கொஞ்சங் கொஞ்சமா எடுத்துட்டுப் போயிரு புள்ள. பிள்ளைங்க கண்ணுல பட வேணாம்” என்றார்.

“கண்மணிகிட்ட?”

“அவளுக்கும் லீவுதான்.”

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “லாத்தா, அவ ஆத்தா சொன்னதையே நீங்களும் சொல்லப் போறீங்களா? அவகிட்ட மட்டுமாச்சும் உள்ளதச் சொல்லிட்டுப் போங்க.”

“சொன்னா என்ன பண்ணுவான்னு உனக்குத் தெரியாது. அன்னைக்கு அந்தப் புள்ள வாயில நொர தள்ளுனத நான் பாத்தேன், நீ பாக்கல.” கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, “எத்தன பேர சொல்லாம அனுப்பிருக்கேன். எனக்குன்னு வந்ததும் சட்டத்த மாத்துனா, அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?” என்றார்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். லாத்தாவுக்கு வந்தது, தெரிந்தது, அப்படியும் மாறவில்லை. பயம் அவ்வளவு பெரிதாக இருந்தது. அதை அப்போது நான் பிடிவாதம் என்று நினைத்தேன்.

தினமும் என் டிபன் பையில் ஒரு சேலை, ஒரு துண்டு, ஒரு ஜோடி செருப்பு என்று வெளியே போனது. பத்தொன்பது வருஷக் குடித்தனம் ஒரு மாதத்தில் என் வீட்டு அலமாரியில் ஒரு தட்டுக்குள் அடங்கிவிட்டது. போர்வையும் தொழுகை விரிப்பும் மட்டும் கட்டிலில் இருந்தன. அவை இல்லாவிட்டால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கடைசி சனிக்கிழமை காலையில் கண்மணிக்குத் தலை வாரிவிட்டார். வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார். நான் ஆபீஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நாளைக்கு அஞ்சு மணி பஸ்ஸா லாத்தா?”

“ஆமா தாயி. அஞ்சு மணி பஸ்தான்.”

பையை எடுத்துக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. லீவுக்குப் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லையே.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு அங்கே சோலி இல்லை. மனசு கேட்காமல் போனேன். நாலு மணிக்கு கண்மணி கேட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஐந்து மணி பஸ் வந்தது. வெங்காய மூட்டையோடு ரெண்டு பேர் இறங்கினார்கள், பஸ் திரும்பிப் போனது. பனி இறங்கியது. முருகானந்தம் தன் சால்வையை அவள் தோளில் போட்டார். “அடுத்த பஸ்ஸுல வருவாங்க” என்று அவள் அவருக்கு ஆறுதல் சொன்னாள். ஏழு மணி பஸ்ஸும் வந்து போனது. அவர் என்னைப் பார்த்தார். நான் போய் அவள் பக்கத்தில் குந்தினேன்.

“லாத்தா லீவு போட்டிருக்காங்க கண்மணி. வந்துருவாங்க.”

ஒரு மாதமாக உண்மையைச் சொல், உண்மையைச் சொல் என்று லாத்தாவை அரித்தவள் நான். என் வாயிலிருந்து வந்தது இதுதான்.

“எத்தன நாளு?”

“ரெண்டு மூணு நாளு.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சால்வையை மடித்து முருகானந்தத்திடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கை கழுவினாள். வரிசையில் நின்று தட்டை வாங்கினாள். தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் சாப்பிட்டாள்.

எல்லோருக்கும் நிம்மதி. “பாத்தீங்களா, செட்டாயிட்டா” என்று சார்கூடச் சொன்னார். யாரையும் கடிக்கவில்லை. எதையும் கிழிக்கவில்லை. அடுத்த ஞாயிறு கேட்டுப் பக்கமே வரவில்லை. லாத்தாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. லாத்தா இடத்துக்குப் புதிதாக வந்த தமிழ்மதி என்ற பெண் நன்றாகப் படித்தவள், நல்லவள். அவளிடமும் கண்மணி மரியாதையாக நடந்துகொண்டாள். எனக்கு மட்டும் அது நல்லதாகப் படவில்லை.

லாத்தா தினமும் போன் செய்தார். “தின்னாளா?” என்பார். “தின்னா” என்பேன். போனை வைத்துவிடுவார். மூன்றாவது வாரம் அழுதார். “தப்புப் பண்ணிட்டேன் புள்ள. நான் வந்து அவகிட்ட உள்ளதச் சொல்லிர்றேன். கடையில ஒக்காந்தா கையி ஸ்வெட்டர மடிக்குது, மனசு அங்கனதான் கெடக்கு.”

சாரிடம் அனுமதி வாங்கினேன். அந்த ஞாயிறு ஐந்து மணி பஸ்ஸில் லாத்தா வந்து இறங்கினார். மூன்று வாரத்தில் பாதியாகியிருந்தார். உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியே நின்றார்.

“வெரசா கூட்டிட்டு வா. சொல்லிட்டுப் போயிர்றேன். திட்டட்டும், கடிக்கட்டும்.”

கண்மணி சாப்பாட்டு ஹாலில் மற்ற பிள்ளைகளோடு பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து காதருகே, “லாத்தா வந்திருக்காங்கடா. கேட்ல நிக்கிறாங்க. உங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்” என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. உரித்த பல்லைக் கிண்ணத்தில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள்.

“நான் லீவுல போயிருக்கேன்னு சொல்லுங்கக்கா” என்றாள். “ரெண்டு மூணு நாள்ல வந்துருவேன்னு சொல்லுங்க.”

ஹாலிலிருந்து கேட் வரை நடந்துபோக எவ்வளவு நேரமாகிவிடும்? தூங்குகிறாள் என்று சொல்லலாமா, காய்ச்சல் என்று சொல்லலாமா என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு பொய் வந்தது. வேண்டாம் என்று தோன்றியது. அந்த இடத்தில் பொய் சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவும் ஆயிற்று. அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

லாத்தா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“அவளே சொன்னாளா?”

“ஆமா லாத்தா.”

“அழுதாளா?”

“இல்ல.”

“அழலயா...” அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். “அழுதிருந்தான்னா நான் உள்ள வந்திருப்பேன் புள்ள. யாரு தடுத்தாலும் வந்திருப்பேன்.”

பஸ் திரும்பி வந்து ஹாரன் அடித்தது. இன்னும் கொஞ்ச நேரம் இருங்கள், அவள் மனசு மாறும் என்றேன். அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு படியில் கால் வைத்தார்.

“போறேன் ரோகிணி” என்றார்.

எங்கள் பக்கம் எழவு வீட்டில்தான் அப்படிச் சொல்லிவிட்டுப் புறப்படுவார்கள். “போயிட்டு வர்றேன்னு சொல்லுங்க லாத்தா” என்று நான் பஸ் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினேன். அவர் சொல்லவில்லை.